அப்டேட்டுக்குப் பிறகு அச்சடிக்க மறுக்கும் பிரிண்டர்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி இதுதான். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று கணினிகள் இருக்கின்றன. முன்மேசைக் கணினியில் யூஎஸ்பி கேபிளால் ஒரு லேசர் பிரிண்டர் இணைக்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டும் அதைப் பகிர்வு முறையில் பயன்படுத்தி வந்தன. இரவில் விண்டோஸ் அப்டேட் ஆனது. காலையில் முன்மேசைக் கணினி வழக்கம்போல் அச்சடிக்கிறது. உள்ளே இருக்கும் இரண்டில், விண்டோஸ் 10 கணினி 709 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டுகிறது. விண்டோஸ் 11 கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை. "அப்டேட்டை நீக்கிவிட்டு, இனி அப்டேட்டே வராதபடி நிறுத்திவிடுங்கள்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா?

சரியில்லை. வருமான வரிக் கணக்குகளும் வாடிக்கையாளர்களின் பான் எண்களும் இருக்கும் கணினியில் பாதுகாப்பு அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்துவது, அச்சடிக்காத பிரிண்டரைவிடப் பெரிய ஆபத்து. அப்டேட்டைத் தொடாமலேயே இதைத் தீர்க்கலாம். முதலில் வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நீங்கள் அச்சு கொடுக்கும் பக்கம் நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. வேர்டோ டாலியோ அதை டிரைவரிடம் கொடுக்கிறது. டிரைவர் அதைப் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகிறது. ஸ்பூலர் என்ற சேவை அதை வரிசையில் வைத்துக் காத்திருக்கிறது. பிறகு ஒரு போர்ட் வழியாக, அதாவது யூஎஸ்பி அல்லது வலையமைப்பு வழியாக, அது பிரிண்டரை அடைகிறது. அப்டேட்டுக்குப் பின் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். எந்த இடம் என்று தெரியாமல் டிரைவரை நீக்கி நிறுவுவதுதான் பலரும் முதலில் செய்வது. பழுதாகாத பகுதியைக் கழற்றி மாட்டுவதால் நேரம்தான் வீணாகும். சில வேளைகளில் ஓடிக்கொண்டிருந்த நல்ல டிரைவரும் போய்விடும்.

சோதனை எளிது. பிரிண்டரில் இருக்கும் பொத்தானை அழுத்தி அதன் சுயசோதனைப் பக்கத்தை எடுங்கள். அது வந்தால் டோனர், டிரம், தாள் இழுக்கும் உருளை எல்லாம் நலம். அடுத்து, பிரிண்டர் இணைந்திருக்கும் கணினியில் பிரிண்டர் ப்ராபர்டீஸ் திறந்து டெஸ்ட் பேஜ் கொடுங்கள். அதுவும் வந்தால் அந்தக் கணினியின் டிரைவர், ஸ்பூலர், கேபிள் மூன்றும் நலம். உங்கள் முன்மேசைக் கணினி இந்த இரண்டையும் தாண்டிவிட்டது. ஆகவே கோளாறு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அதை டிரைவர் மாற்றத்தால் தீர்க்க முடியாது.

அந்தப் பேச்சுமுறை ஏன் மாறியது என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்தால்தான் எந்தப் பூட்டைத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

ஸ்பூலர் சேவை விண்டோஸில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுவது. பிரிண்டரே இல்லாத சர்வரிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஊடுருவ நினைப்பவர்களுக்கு அது பழைய இலக்கு. ஈரானின் அணு எரிபொருள் ஆலையைத் தாக்கி 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் நச்சுநிரலும் பரவுவதற்குப் பயன்படுத்திய வழிகளில் ஸ்பூலரின் ஓட்டையும் ஒன்று. 2021 ஜூன் இறுதியில் இன்னும் பெரிய ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. ஏற்கெனவே அடைக்கப்பட்டுவிட்ட ஓட்டை என்று எண்ணி ஆய்வாளர்கள் சிலர் அதன் செயல்முறையை வெளியிட்டார்கள், அது அடைக்கப்படாதது. பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டையின் வழியாக, சாதாரணப் பயனர் கணக்கு மட்டுமே உள்ள ஒருவர், பிரிண்டர் டிரைவர் என்ற போர்வையில் எந்த நிரலையும் அடுத்த கணினிக்குள் ஏற்றி, அதை முழு அதிகாரத்தோடு ஓட வைக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதத் தேதிக்குக் காத்திராமல் ஜூலை முதல் வாரத்திலேயே அவசர அப்டேட் வெளியிட்டது.

அதன் பிறகு விதிகள் ஒவ்வொன்றாக இறுகின. 2021 ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து, பகிரப்பட்ட பிரிண்டரின் டிரைவரை இறக்கி நிறுவ நிர்வாகி அனுமதி கட்டாயமானது. உங்கள் விண்டோஸ் 11 கணினி கடவுச்சொல் கேட்பது இதனால்தான். அது கோளாறு இல்லை. 2021 செப்டம்பர் அப்டேட், பிரிண்டர் பகிரும் கணினியிடம் வரும் அழைப்புகள் மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதியைக் கட்டாயமாக்கியது. அந்த மாதம்தான் 11பி என்று முடியும் பிழை எண் அலுவலகம் அலுவலகமாகத் தலைகாட்டியது. பிறகு விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பு, அச்சுக்காகக் கணினிகள் பேசும் பாதையையே மாற்றியது: பழைய நேம்டு பைப் முறைக்குப் பதிலாக டிசிபி முறை இயல்பானதாக வைக்கப்பட்டது. ஒரு கணினி புதிய பாதையிலும் இன்னொன்று பழைய பாதையிலும் நின்றால் சந்திப்பு நடக்காது. அப்போது வரும் எண்களில் ஒன்றுதான் 709.

அந்தப் பிழைச் செய்தியின் வாசகம் வேறு ஆளைக் குழப்பிவிடும். பிரிண்டரின் பெயரைச் சரிபாருங்கள், அது வலையமைப்பில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள் என்று அது சொல்கிறது. பெயர் சரியாகத்தான் இருக்கும், இணைப்பும் இருக்கும். ஆனால் பலர் பெயரை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பார்கள். இதே எண் இன்னொரு இடத்திலும் வரும்: ஒரு பிரிண்டரை இயல்பு பிரிண்டராக வைக்க முயலும்போது. அது வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் இரண்டு கணினிகளுக்கு வருவோம். விண்டோஸ் 11 கணினியில் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்து டிரைவரை நிறுவிவிடுங்கள், வேலை முடிந்தது. இன்னும் நல்ல வழி, பிரிண்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, நிர்வாகிக் கணக்கில் நுழைந்து முதலில் அதை நிறுவிவிட்டு, பிறகு பகிர்ந்த பிரிண்டரைச் சேர்ப்பது. இந்தக் கடவுச்சொல் கேள்வியே வராமல் செய்ய, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியாக்கச் சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். அப்படிச் செய்தால் பிரிண்ட்நைட்மேருக்காக அடைத்த கதவை மீண்டும் திறந்துவிடுகிறீர்கள். 11பி எண்ணுக்குச் சொல்லப்படும் ரெஜிஸ்ட்ரி மாற்றமும் இதே இனம். கோளாறு அதுதானா என்று உறுதி செய்ய ஐந்து நிமிடம் மாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பதை ஏற்கலாம். அப்படியே விட்டுவைப்பதை ஏற்க முடியாது.

709 காட்டும் விண்டோஸ் 10 கணினியில் முதலில் மூன்று கணினிகளும் அவற்றுக்குக் கிடைக்கும் கடைசி அப்டேட்டை ஏற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஏற்றும் மற்றது ஏற்காமலும் இருக்கும் நிலைதான் இந்தக் கோளாறுகளுக்குத் தாய்வீடு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்; நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினி அன்று இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அதுவும் சரியாக இருந்தால், நெட்வொர்க் ப்ரொஃபைலைப் பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் பப்ளிக், ப்ரைவேட் என்று இரண்டு தேர்வு இருக்கும். பெரிய அப்டேட்டுகளுக்குப் பின் அது பப்ளிக்காக மாறிவிடுவது உண்டு. மாறினால் ஃபயர்வால் பகிர்வை மறைத்துவிடும். அலுவலக இணைப்பில் அது ப்ரைவேட்டாக இருக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தும் 709 போகவில்லை என்றால், எனக்கு மிகவும் பிடித்த வழி லோக்கல் போர்ட். செய்முறையைச் சொல்கிறேன். விண்டோஸ் 10 கணினியில் பிரிண்டரின் டிரைவரை நிறுவனத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். பிரிண்டர் சேர்க்கும் பகுதியில், தானாகத் தேடுவதை விட்டுவிட்டு, கைமுறையாகச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். புதிய போர்ட் உருவாக்கும் தேர்வில் லோக்கல் போர்ட் என்பதை எடுங்கள். போர்ட்டின் பெயர் கேட்கும் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு, இடைவெளியின்றி முன்மேசைக் கணினியின் பெயர், மறுபடி ஒரு பின்சாய்வுக் கோடு, பிரிண்டரின் பகிர்வுப் பெயர் என்று எழுதுங்கள். பகிர்வுப் பெயரில் இடைவெளிகள் இருந்தால் முன்மேசைக் கணினியில் அதை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிவிடுவது நல்லது. அடுத்து டிரைவர் பட்டியலில் நீங்கள் நிறுவியதையே தேர்ந்தெடுத்து முடியுங்கள். இப்படிச் செய்தால் விண்டோஸ் அதை உள்ளூர்ப் பிரிண்டராகவே கருதும். டிரைவரை அடுத்த கணினியிலிருந்து கேட்காது. உருவான தரவைக் கோப்புப் பகிர்வின் பாதையிலேயே அனுப்பிவிடும். பாதுகாப்பு விதி எதையும் தளர்த்த வேண்டியதில்லை என்பதுதான் இதன் சிறப்பு.

விண்டோஸ் ப்ரோ பதிப்பாக இருந்தால், விதிகளை அமைக்கும் குரூப் பாலிசி என்ற கருவியிலும் ஒரு வழி உண்டு. முன்மேசைக் கணினியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், பிரிண்டர்ஸ் என்று போனால் ஆர்பிசி லிஸனர், அதாவது மற்ற கணினிகளின் அச்சு அழைப்புகளை ஏற்கும் பகுதி, பற்றிய அமைப்பு இருக்கும். அதில் நேம்டு பைப், டிசிபி இரண்டையும் ஏற்கும்படி வைத்தால் பழைய பாதையில் வருபவரையும் அது வரவேற்கும். ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது.

கோப்புப் பகிர்வின் பாதை என்று சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபின், ப்ரோ பதிப்புகள் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் இணைப்பை ஏற்பதில்லை; கையொப்பமிட்ட இணைப்பைத்தான் கேட்கின்றன. நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் கடவுச்சொல் தொல்லை வேண்டாம் என்று கடவுச்சொல் பாதுகாப்பை அணைத்துவிட்டுத்தான் பகிர்வார்கள். அவர்களுக்குத்தான் இந்த அப்டேட்டில் அடி விழுந்தது. தீர்வு கடினமில்லை: முன்மேசைக் கணினியில் அச்சுக்கென்று ஒரு சாதாரணப் பயனர் கணக்கைக் கடவுச்சொல்லுடன் உருவாக்குங்கள். மற்ற கணினிகளில் கண்ட்ரோல் பேனலின் கிரெடென்ஷியல் மேனேஜரில், முன்மேசைக் கணினியின் பெயரோடு அந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்து வையுங்கள். பிறகு அது கேட்காது.

ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஜெராக்ஸ் இயந்திரம் வைத்திருப்பவர்கள் "ஸ்கேன் செய்தது ஃபோல்டருக்கு வரவில்லை" என்று சொல்வதும் இதே குடும்பத்துக் கோளாறு. பழைய இயந்திரங்கள் எஸ்எம்பி 1 என்ற முதல் தலைமுறைக் கோப்புப் பகிர்வு நெறிமுறையை மட்டுமே அறிந்தவை. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதைத் தேடி எடுத்து இயக்க வேண்டாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை நச்சுநிரல் பரவியது அந்த வழியில்தான். இயந்திரத்தின் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள்நிரலை, புதுப்பிக்க முடிந்தால் புதுப்பியுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலுக்கோ பென் டிரைவுக்கோ ஸ்கேன் செய்யுங்கள்.

சரி, நிரந்தரத் தீர்வு எது? ஒரு கணினியில் யூஎஸ்பியால் இணைத்து மற்றவற்றுக்குப் பகிரும் ஏற்பாட்டையே கைவிடுவது. 2021க்குப் பின் வந்த ஒவ்வொரு பெரிய அச்சுக் கோளாற்றிலும் அதிகம் அடிபட்டது இந்த ஏற்பாடுதான். உங்கள் பிரிண்டரின் பின்புறம் லேன் கேபிள் செருகும் துளை இருந்தால், அல்லது வைஃபை இருந்தால், அதை நேரே ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். மூன்று கணினிகளும் தனித்தனியே பிரிண்டரோடு பேசும். முன்மேசைக் கணினி அணைந்திருந்தாலும் அச்சு வரும்.

அப்படி இணைக்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பிரிண்டருக்கு நிலையான ஐபி முகவரி இருக்க வேண்டும். ரவுட்டரில் ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பகுதியில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு, அதாவது அதன் வன்பொருள் அடையாள எண்ணுக்கு, ஒரு ஐபி முகவரியை ஒதுக்கி வைப்பதே சுத்தமான முறை. மேக் முகவரி பிரிண்டரின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் அச்சாகி வரும். இரண்டாவது, கணினியில் சேர்க்கும்போது விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துத் தருவதை அப்படியே ஏற்காமல், டிசிபி ஐபி முகவரி கொடுத்துச் சேர்க்கும் வழியில் போங்கள். தானாகச் சேர்ந்தால் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட்டை அது எடுத்துக்கொள்ளும். பிரிண்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டுவதற்கு அந்தப் போர்ட் ஒரு முக்கியக் காரணம். ப்ராபர்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். டிசிபி ஐபி போர்ட்டாக இருந்தும் ஆஃப்லைன் என்று காட்டினால், அதே பக்கத்தில் கான்ஃபிகர் போர்ட் என்பதை அழுத்தி, எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிரிண்டரின் உடல்நிலையை விசாரிக்கும் கேள்வி அது. சில பிரிண்டர்கள் அதற்குப் பதில் சொல்லாது, விண்டோஸ் பிரிண்டரே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

உங்களுடையது யூஎஸ்பி மட்டுமே உள்ள பழைய பிரிண்டராக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை ஒரு தனி இனம். பக்கத்தை உருவாக்கும் கணக்கு முழுவதையும் கணினியே செய்து, புள்ளிகளாகப் பிரித்து அவற்றுக்கு அனுப்ப வேண்டும். லேசர்ஜெட் 1020 தன் ஃபர்ம்வேரைக்கூடத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினியிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. இந்த வகைக்கு அதன் சொந்த டிரைவர் இல்லாமல் எதுவும் நடக்காது. சந்தையில் விற்கும் யூஎஸ்பி பிரிண்ட் சர்வர் பெட்டியை வாங்கி இதை வலையமைப்பில் சேர்க்க நினைத்தால், அந்தப் பெட்டியின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள புதிய லேப்டாப்பில் இவற்றை இணைப்பதும் இயலாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் கணினிக்கு எழுதிய டிரைவர் அங்கே ஓடாது, ஆர்ம் சிப்புக்கென்று எழுதியது வேண்டும்.

இந்தப் பிரிண்டர்களின் டிரைவர் நிறுவியை இன்றே இறக்கி இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே வழங்குவதைப் படிப்படியாகக் குறைத்து, ஐபிபி என்ற பொது நெறிமுறையைப் புரிந்துகொள்ளும் பிரிண்டர்களை முன்னிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. நிறுவனத்தின் நிறுவியைக் கொண்டு நாமே நிறுவுவதை அந்த அறிவிப்பு தடுக்கவில்லை. ஆனால் கேபிளைச் செருகினால் விண்டோஸே டிரைவரைத் தேடித் தரும் என்ற நம்பிக்கையில் இனி இருக்க முடியாது. 24எச்2 பதிப்பில் வந்திருக்கும் விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரிண்ட் மோட் என்ற தேர்வும் இதன் தொடர்ச்சி. அதை யாராவது இயக்கிவிட்டால் நிறுவன டிரைவரை நம்பியிருக்கும் பிரிண்டர்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். ஒரு பழைய பிரிண்டர் திடீரென்று மறைந்துவிட்டால் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழே இந்தத் தேர்வைத்தான் முதலில் பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள், தனி டிரைவர் இல்லாமலே அச்சடிக்கும் தரத்தைக் குறிக்கும் மோப்ரியா அல்லது ஏர்பிரிண்ட் என்ற சொல் பெட்டியில் இருக்கிறதா, லேன் அல்லது வைஃபை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் அடுத்த பல ஆண்டுகளுக்கு டிரைவர் கவலை குறையும்.

பிரிண்டர் இணைந்த கணினியே அச்சடிக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியவை வேறு. உங்களுக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும் அடுத்த மாதம் தேவைப்படலாம். அச்சு வரிசையில் ஒரு கோப்பு சிக்கிக்கொண்டு, நீக்கினால் டிலீட்டிங் என்று காட்டியபடி நகராமல் நிற்பது அடிக்கடி நடக்கும். சர்வீசஸ் கருவியைத் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போங்கள். எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் கோப்புகள் இருக்கும். முதலாவது அச்சிட வேண்டிய தரவு, இரண்டாவது யார், எந்தப் பிரிண்டருக்கு அனுப்பினார் என்ற குறிப்பு. அந்தக் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். ஸ்பூலரை மறுபடி இயக்குங்கள்.

அப்டேட்டுக்குப் பின் பட்டியலில் அதே பிரிண்டர் 'காப்பி 1' என்ற வாலோடு இரண்டாவதாக நிற்கிறது என்றால், விண்டோஸ் யூஎஸ்பி இணைப்பைப் புதிய போர்ட் எண்ணில் பதிந்திருக்கிறது. பழையது யூஎஸ்பி001இல் காத்திருக்கும், பிரிண்டர் உண்மையில் 002இல் இருக்கும். பழைய பிரிண்டரின் போர்ட்ஸ் பக்கத்தில் குறியை மாற்றி வைத்தால் போதும். டாலியிலும் மற்ற மென்பொருள்களிலும் செய்து வைத்த அமைப்புகள் கலையாது. காப்பியை நீக்கிவிடலாம்.

அச்சு கொடுத்தால் பிரிண்டருக்குப் போகாமல் பிடிஎஃப் சேமிக்கச் சொல்லிப் பெட்டி திறக்கிறதா? விண்டோஸ் 10இன் 2015 நவம்பர் பதிப்பிலிருந்து, கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே இயல்பு பிரிண்டராக விண்டோஸ் தானே மாற்றிக்கொள்ளும் தேர்வு வந்தது. அதை அணைத்துவிட்டு உங்கள் பிரிண்டரை இயல்பாக வையுங்கள். அந்தத் தேர்வு இயங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கையால் மாற்ற முயன்றாலும் 709 வரக்கூடும். முன்பு சொன்ன இரண்டாவது முகம் இதுதான்.

பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்பார்கள், அவர்களுக்காக: அப்டேட்டில் டிரைவர் மாறினால் தாள் அளவு ஏ4 ஆகிவிடும். அரைப் பக்க பில் அடித்துவிட்டு மீதித் தாளையும் வெளியே தள்ளிவிடும், அடுத்த பில் நடுவில் தொடங்கும். பிரிண்ட் சர்வர் ப்ராபர்டீஸ் திறந்து, ஃபார்ம்ஸ் பக்கத்தில் பில்லின் உண்மையான அகல உயரத்தை ஒரு பெயரோடு பதிந்து, அதைப் பிரிண்டரின் தாள் அளவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழில் அச்சிடுவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. டிரைவர் மாறிய பிறகு ஆங்கிலம் ஒழுங்காக வந்து, தமிழ் மட்டும் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகியோ வந்தால், எழுத்துரு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். திரையில் சரியாகத் தெரிகிறதே, அதுவே சான்று. எழுத்துருவைப் பிரிண்டருக்கு அனுப்பும் விதத்தில்தான் சிக்கல். டிரைவரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ட்ரூடைப் எழுத்துருவைப் பிட்மேப்பாக அனுப்பும் தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். பிடிஎஃப் கோப்பு என்றால் அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் அட்வான்ஸ்டு அழுத்தி, பிரிண்ட் ஆஸ் இமேஜ் என்பதைக் குறியிடுங்கள். கொஞ்சம் மெதுவாக அச்சாகும், ஆனால் 'கொ' கொவாகவே வரும். பத்திரம், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஓர் எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் இந்த மெதுவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்டேட்டே குற்றவாளியாக இருந்த நாட்களும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. 2021 மார்ச் 9ஆம் தேதி வந்த அப்டேட்டுக்குப் பின் சில நிறுவனப் பிரிண்டர்களுக்கு அச்சு கொடுத்தாலே கணினி நீலத் திரையோடு விழுந்தது; மார்ச் 15ஆம் தேதி அவசரத் திருத்தம் வந்தது. 2025 ஜனவரி இறுதியில் வந்த முன்னோட்ட அப்டேட்டுக்குப் பின் நடந்தது இன்னும் விசித்திரம். யாரும் எதுவும் கொடுக்காமலே சில யூஎஸ்பி பிரிண்டர்கள் தாள் தாளாகப் புரியாத எழுத்துகளைக் கக்கின. முதல் வரியில் போஸ்ட், ஐபிபி, எச்டிடிபி போன்ற சொற்கள் இருக்கும். அந்தப் பிரிண்டர்கள் யூஎஸ்பியில் இரண்டு மொழிகளை அறிந்தவை: பழைய யூஎஸ்பி அச்சு முறை ஒன்று, யூஎஸ்பி வழி ஐபிபி இன்னொன்று. விண்டோஸ் ஐபிபி மொழியில் விசாரித்த கேள்விகளை, அச்சிட வேண்டிய எழுத்துகள் என்று எண்ணிப் பிரிண்டர் அப்படியே அச்சடித்துவிட்டது. நச்சுநிரல் என்று பயந்தவர்கள் ஏராளம். 2025 மார்ச் இறுதி அப்டேட்டில் அது சரியானது.

இப்படிப்பட்ட நாளில் குறிப்பிட்ட அந்த ஒரு அப்டேட்டை நீக்குவது நியாயமே. அப்டேட் ஹிஸ்டரியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்ற இடத்தில் தேதியைப் பார்த்து அதை மட்டும் நீக்குங்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பாஸ் செய்யுங்கள். அடுத்த திருத்தம் வந்ததும் ஏற்றுக்கொள்ளுங்கள். 22எச்2, 24எச்2 போன்ற பதிப்பு மாற்றமே நடந்திருந்தால், ரிகவரி பக்கத்தில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பு இயல்பாகப் பத்து நாட்கள் வரைதான் இருக்கும். முன்னோட்ட அப்டேட்டுகளை அலுவலகக் கணினியில் ஏற்றவே வேண்டாம். அவை விருப்பத் தேர்வாகத்தான் வரும், பெயரிலேயே ப்ரிவ்யூ என்று இருக்கும். உங்கள் கணினிகளில் நடந்தது இந்த வகை இல்லை. விதி மாறியதால் வந்த சிக்கல் அது. அப்டேட்டை நீக்கினாலும் அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

ஆகவே நாளைக் காலை, முதலில் முன்மேசைக் கணினியில் அச்சுக்கான பயனர் கணக்கை உருவாக்குங்கள், அடுத்து விண்டோஸ் 11 கணினியில் நிர்வாகிக் கடவுச்சொல்லோடு டிரைவரை முடித்துவிடுங்கள், பிறகு விண்டோஸ் 10 கணினியில் லோக்கல் போர்ட் வழியைச் செய்யுங்கள். அதன் பிறகும் நின்றால், ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பிரிண்ட்சர்வீஸ் என்ற வரிசையில் ஆப்பரேஷனல் பதிவைத் திறங்கள். அது இயல்பாக அணைந்திருக்கும். வலது சொடுக்கில் எனேபிள் செய்துவிட்டு மறுபடி ஒரு பக்கம் அச்சு கொடுங்கள். முன்மேசைக் கணினியில் 307 என்ற எண் பதிவானால் தரவு அங்கே வந்து பிரிண்டருக்கும் போய்விட்டது என்று பொருள். பதிவாகாவிட்டால் உள்ளே இருக்கும் கணினியின் அதே பதிவில் அந்த நேரத்துக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணையும், தேடல் பெட்டியில் வின்வெர் (winver) என்று தட்டினால் தெரியும் பதிப்பு விவரத்தை மூன்று கணினிகளிலிருந்தும் எடுத்து அதையும், பிரிண்டரின் மாடல் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அங்கிருந்து மேலே பார்ப்போம்.